என்னைப் போலவே இருந்த அந்தம்மா

என் கணவருக்குப் புத்தி பிசகிய முதல் வாரம்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல வாரமாக இருந்தது. இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன்.

அவர் அதிகம் பேசாத மனிதர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் தூள் சலிக்கும் பகுதியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. பகல் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவர், வீட்டிலும் ஒரு சத்தம் எதற்கு என்பதுபோல உட்கார்ந்திருப்பார். சாப்பாடு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார். நன்றாக இல்லாவிட்டால் தண்ணீர் அதிகம் குடிப்பார். இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் அவருடைய மனசைப் படித்துக் குடும்பம் நடத்திவந்தேன்.

நான் அதே தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளை மாலை வரை பார்த்துக்கொள்கிற வேலை. பகலில் காது புளித்துப்போகும் அளவுக்குப் பேச்சு. மாலையில் இவரோடு உட்கார்ந்தால் அதற்கு நேர்மாறு. மகளைப் பூண்டுலோயாவில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பேசுவதற்கு நானும் ரேடியோவும்தான்.

அந்த வருடம் மழை முடிந்தும் குளிர் விடவில்லை. தேயிலைத் தூசும் குளிரும் சேர்ந்து இவருக்கு மூச்சு இழுப்பு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் முடியாது என்று டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மூக்கையும் வாயையும் மூடிப் புகை மருந்து பிடித்தார்கள். சின்னதாக வெள்ளை மாத்திரைகள் கொடுத்து, ஒரு வாரத்துக்கு மட்டும் போடச் சொல்லி அனுப்பினார்கள். மாத்திரை நன்றாகக் கேட்டது. இழுப்பு நின்றது, பசி வந்தது, நடையில் ஒரு துள்ளல்கூட வந்தது. வாரம் முடிந்ததும் இவர் நிறுத்தவில்லை. டவுனுக்குப் போகும்போதெல்லாம் ஏதோ ஒரு பார்மசியில் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டார். கொஞ்சம் போட்டாலே இவ்வளவு சுகம் என்றால் நிறையப் போட்டால் எப்படி இருக்கும் என்று தானாகவே கூட்டியும் கொண்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். சட்டை துவைக்கும்போது பையில் மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறேன். இழுப்பு மாத்திரைதானே என்று எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் துவைத்தேன்.

அப்புறம் வந்ததுதான் அந்த நல்ல வாரம். ஒருநாள் நான் எழுந்திருக்கும்போதே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. டீயைக் கையில் கொடுத்தார். நான் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டேன். மறுநாள் சட்டிகளையெல்லாம் கரி போகத் தேய்த்து வெயிலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தி கொத்தினார், கதவுக்குப் பெயின்ட் அடித்தார், அடித்துக்கொண்டே பேசினார். எங்கள் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், என் தம்பி எந்த இடத்தில் தடுக்கி விழுந்தான் என்பது வரை அவருக்கு ஞாபகம் இருந்தது. "இந்தச் சேல ஒனக்கு நல்லாருக்கு புள்ள" என்றார். அது வீடு கழுவும்போது நான் கட்டுகிற கிழிசல். இதையெல்லாம் வியாதி என்று எந்தப் பெண்பிள்ளை போய் டாக்டரிடம் முறையிடுவாள்?

தூக்கம் மட்டும் அறவே இல்லை. கேட்டால், "தூங்கி என்னாத்த கண்டோம், செய்ய வேண்டியது எவ்வளவு கெடக்கு" என்பார். என்ன கிடக்கிறது என்பது சில நாளில் தெரிந்தது. ஸ்டோர் சங்கு ஊதுகிற முறை மாறியிருக்கிறதாம். நீட்டி ஊதிவிட்டுக் கடைசியில் ஒரு வெட்டு வெட்டுகிறதாம். அது இவருக்கான தகவலாம். இவர் சலிக்கிற தூளில் மட்டும் ஒரு தனி ருசி இருப்பதை லண்டனில் கண்டுபிடித்துவிட்டார்களாம். ஆள் வருகிறது, இவரை இந்தத் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையாகப் போடப்போகிறார்கள்.

"யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"சொல்லணுமா? சங்கு ஊதுதே, கேக்கலியா?"

சங்கு ஊதியது. எனக்கு வழக்கமான சங்காகத்தான் கேட்டது.

நான் இதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். துரையாகப் போகிறவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பாரா? தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் முன்னால் நின்று, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடும் காணிக்கு உறுதிப் பத்திரமும் தருவதாக அறிவித்தார். எங்கள் லயத்தில் எத்தனையோ பேர் வந்து இதே வாக்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாலை போட்டு மேளம் அடித்து வரவேற்றிருக்கிறோம். அவர்களைவிட இவர் தெளிவாகப் பேசினார் என்பதை நான் மறைக்க மாட்டேன். ஒரு பாட்டியம்மா உண்மையிலேயே வந்து, "எனக்கு ரோட்டுப் பக்கமா குடுங்க தம்பி, முழங்கால் வலிக்கிது" என்று கேட்டுவிட்டுப் போனாள். இவரும் ஆகட்டும் என்றார்.

சிரிப்பு அத்தோடு நின்றது. துரையாக வரப்போகிறவருக்கு எதிரிகள் இருக்க வேண்டுமே. தேயிலை ருசியின் ரகசியத்தைத் திருட ஆள் விட்டிருக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாக்கால் அடைத்தார். ஸ்டோருக்குப் போவதை நிறுத்தினார். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். அவரைப் பதறவைக்கக் கூடாது என்று மெதுவாக நடந்தேன், மெதுவாகப் பேசினேன். ஒருநாள் காலை டீயைச் சத்தமில்லாமல் அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் டம்ளரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எழுந்து நின்றார்.

"நீங்க யாருங்க?"

நான் விளையாட்டு என்று நினைத்தேன். அவர் விளையாடுகிறவர் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"என்னாங்க இது, நான்தாங்க."

"மொகம் அப்படியே இருக்கு. கொரலும் சரியாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுல டம்ளர வச்சா டக்குனு சத்தம் வரும். நீங்க பூ மாதிரி வச்சீங்க. நல்ல எடத்துல வளந்தவங்கன்னு தெரியுது."

இருபத்தைந்து வருடத்தில் அவர் என்னை நீங்க என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. மறுபடி டீ போட்டுக் கொண்டுவந்து, தரையே அதிரும்படி டம்ளரை வைத்தேன். அவர் பரிதாபமாகப் பார்த்தார். "அதுக்குள்ள சொல்லிக்குடுத்துட்டாங்களா?" என்றார்.

அன்றைக்கு முழுவதும் நான் நான்தான் என்று நிரூபிப்பதிலேயே போனது. கல்யாணப் படத்தைக் காட்டினேன். அதில் இருப்பது அவள், நீங்கள் அவளைப் பார்த்துச் செய்யப்பட்டவர் என்றார். அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பைக் காட்டினேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தழும்ப எவ்வளவு நுணுக்கமா செஞ்சிருக்காங்க" என்று அசந்துபோனார். கோபம் வந்து கத்தினேன். கோபம்கூட சரியாக வருகிறது என்று மெச்சினார். நான் எதைக் கொண்டுபோனாலும் அவருக்கு அது இன்னொரு சாட்சியாக ஆனது. பிள்ளைக் காம்பராவில் கட்டிலுக்கடியில் சிறுத்தை இருக்கிறது என்று அழுகிற பிள்ளைக்குக் குனிந்து காட்டினால் போதும், அழுகை நின்றுவிடும். இவருக்குக் குனிந்து காட்டினால், சிறுத்தையை எவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்பார்.

அவருடைய அக்கா பக்கத்து லயத்தில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். விஷயம் தெரிந்ததும் எலுமிச்சம்பழமும் திருநீறுமாக வந்தார். தம்பியை மாடன் அடித்துவிட்டது என்பது அவருடைய முடிவு. அதற்குள் லயத்தில் வேறு முடிவு செய்திருந்தார்கள். இப்போது டவுனிலிருந்து தோட்டம் வரை ஐஸ் என்று ஒரு போதைத்தூள் வருகிறதே, அதைத்தான் இவர் பாவிக்கிறார், தூங்காதது அதனால்தான் என்று குழாயடியில் பேச்சு. வெற்றிலைகூடப் போடாத மனிதர் இவர். ஒருமுறை மகள் கல்யாணத்தில் பீடா சாப்பிட்டுவிட்டுத் தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டவர்.

அண்ணி திருநீற்றைப் பூசியபோது அவர் அமைதியாக நெற்றியைக் காட்டினார். நான் ஆசையோடு கேட்டேன், "இவங்களத் தெரியிதா? இவங்களும் செஞ்சி வச்ச ஆளா?"

"அக்கா நெஜந்தாங்க" என்றார். "அக்கா மாதிரி யாராலயும் செய்ய முடியாது."

அண்ணிக்கு அதில் பெருமைதான். போகும்போது என்னிடம், "ஒன்னையத்தான் தம்பிக்குத் தெரியல, பாத்தியா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் இவர் சட்டை மாற்றிக்கொண்டு, என் கம்பளிச் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். தன் மனைவியை நானுஓயாவில் ரயிலேற்றிக் கொழும்புக்குக் கடத்தப்போகிறார்கள், சங்கில் சொல்லிவிட்டார்கள், அவளுக்குக் குளிர் தாங்காது, சால்வையாவது கொடுக்க வேண்டும் என்றார். தடுத்துப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க நல்லவங்க, வழிய விடுங்க" என்றார். தோட்டத்து ரோட்டில் பஸ் வந்தது. அவர் ஏறினார். நானும் வீட்டைப் பூட்டாமலே ஏறிவிட்டேன். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவர்தான் டிக்கட் எடுத்தார். அந்த நேரத்திலும் அதை நான் கவனித்தேன்.

ஸ்டேஷனில் கொழும்பு ரயில் வருகிற நேரம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகில் மூட்டையோடு நிறைந்திருந்தார்கள். ரயில் வந்து நின்றதும் இவர் ஒவ்வொரு பெட்டியாக ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். என் கணவர் என்னைத் தேடிப் பெட்டி பெட்டியாகப் போகிறார், நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நடக்கிறேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் அவர் கையில் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். அந்த அவசரத்திலும் மறுக்காமல் எடுத்துக்கொடுத்துவிட்டுத்தான் அடுத்த ஜன்னலுக்குப் போனார்.

ரயில்வே உடுப்புப் போட்ட ஒருவர் வந்து சிங்களத்தில் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். தன் மனைவியை என்று இவர் சொன்னார். அப்படியானால் இந்த அம்மா யார் என்று என்னைக் காட்டி அவர் கேட்டார்.

"இவங்களும் பாவம், மாத்தயா. நம்பி அனுப்பியிருக்காங்க. இவங்கமேல ஒரு குத்தமும் இல்ல."

ரயில் போய்விட்டது. சால்வை இன்னும் அவர் கக்கத்தில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். என் மாமனார் செத்தபோதுகூட அழாதவர். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் அந்த பெஞ்சில் போய்விட்டது. இதுவரை நான் என்னை அவரிடம் நிரூபிக்கத்தான் பார்த்தேனே தவிர, மனைவியைத் தொலைத்துவிட்ட ஒரு மனிதர் என் வீட்டில் இருக்கிறார் என்று நினைக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பயமா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ரொம்ப."

"மூச்சும் இழுக்கிது. தூங்கி எத்தன நாளாச்சி. இப்படியே இருந்தா யாரையும் தேட முடியாதுங்க. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம். நான் கூடவே வாறேன்."

அவர் யோசித்தார். "நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றார். என் பேச்சை அவர் இவ்வளவு சீக்கிரம் கேட்டது கிடையாது. என் தம்பி அந்த ஸ்டேஷனில்தான் வேன் ஓட்டுகிறான். அவனைக் கூப்பிட்டேன். வேனில் போகும்போது தம்பி கண்ணாடியில் பார்த்து, "என்னா மச்சான், அக்காவத் தெரியலியாமே" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டான். இவர் குரலைத் தாழ்த்தி, "சத்தமா பேசாதீங்க, இந்தம்மா மனசு நோகும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டரம்மா சிங்களவர். மெதுவாக, பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைப்பதுபோலத் தமிழ் பேசினார். அண்ணியும் வந்து சேர்ந்துவிட்டார். குடியா, கஞ்சாவா, ஐஸா என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வேறு ஏதாவது மருந்து? அவர் சட்டைப் பையைத் துழாவினேன். மாத்திரை அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. கால்சட்டைப் பையிலும் இருந்தன. டாக்டரம்மா அட்டைகளை மேசையில் பரப்பிவைத்து, எப்போதிருந்து, எவ்வளவு என்று இவரிடமே கேட்டார். இவர் ஒளிக்காமல் சொன்னார். ரகசியமெல்லாம் தேயிலை ருசியில்தான், மாத்திரையில் இல்லையே.

"இது பைத்தியம் இல்ல அம்மா" என்றார் டாக்டரம்மா. "மாடன், பேய், அதுவும் இல்ல." அண்ணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த மருந்து நல்ல மருந்து. இழுப்புக்கு உயிர் காக்கும். ஆனா நெறையப் போட்டா சிலருக்கு மூளைய இப்படி ஆக்கிடும். மொதல்ல சந்தோஷம், சுறுசுறுப்பு. தூக்கம் போகும். பிறகு இல்லாதது எல்லாம் உண்மை மாதிரி வரும்."

"மனசு பலமில்லாதவங்களுக்கா டாக்டர் இப்படி வரும்?"

"அப்படி இல்ல. யாருக்கும் வரலாம். உங்களுக்கும் எனக்கும்."

உடனே மாத்திரையை அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். இவ்வளவு நாள் போட்டதைத் திடீரென்று விட்டால் உடம்பு படுத்துவிடும். படிப்படியாகக் குறைக்க வேண்டும், கூடவே தூக்கத்துக்கும் தெளிவுக்கும் வேறு மருந்து கொடுப்போம், வார்டில் இருக்கட்டும் என்றார். போதைத்தூள் எடுக்கிற பிள்ளைகளுக்கும் இதே மாதிரிதான் வருகிறது, அவர்களும் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு அது நிஜம் என்றார். "நீங்க நாற்காலில உட்கார்ந்திருக்கிறது உங்களுக்கு எவ்வளவு நிஜமோ, அவருக்கு அவ்வளவு நிஜம். நாற்காலி இல்லைன்னு நான் வாதாடினா நீங்க ஒத்துக்குவீங்களா? வாதாடாதீங்க. ஆமான்னும் சொல்லாதீங்க. பயமா, பசியா, அத மட்டும் கேளுங்க."

அண்ணி வெளியே வந்ததும், "அப்ப ஐஸ் இல்லியா?" என்றார். குரலில் ஆறுதல் பாதி, ஏமாற்றம் பாதி. குழாயடியில் எப்படியும் ஆமாம் என்று சொல்லிவைத்திருப்பார்.

வார்டில் இருந்த நாட்களில் பிள்ளைக் காம்பராவில் லீவு சொல்லிவிட்டுப் போய்வந்தேன். டாக்டரம்மா சொன்னபடி நான் உங்கள் மனைவி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்பேன். பதிலுக்கு அவர் தன் மனைவியைப் பற்றி என்னிடம் பேசினார். தன்னைப் பற்றி இவ்வளவு கேட்கிற பாக்கியம் எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் என்று தெரியவில்லை.

"அவளுக்குக் கோவம் ஜாஸ்திங்க. ஆனா அந்தப் புள்ளைங்ககிட்ட ஒருநாளும் கோவிக்க மாட்டா. அதுல கொஞ்சம் எனக்கும் குடுத்திருக்கலாம்" என்றார் ஒருநாள்.

நான் தோடம்பழத்தை உரித்துக்கொண்டு, "கேட்டுப் பாக்கலியா?" என்றேன்.

"எப்படிங்க கேக்கிறது? நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள அவ நாலு பேச்சு பேசி முடிச்சிடுவா."

இன்னொரு நாள், கல்யாணமான புதிதில் அவள் சமைக்கும்போது பாடுவாள் என்றார். ஒருமுறை களைப்பில், தூங்க விடமாட்டியா என்று சத்தம் போட்டுவிட்டாராம். அதன்பிறகு அவள் பாடவில்லை. "அத எப்படித் திரும்பப் பாடச் சொல்றதுன்னு தெரியல. தெரியாமயே இவ்வளவு காலம் போச்சி" என்றார். எனக்கு அப்படி ஒரு சம்பவமே ஞாபகத்தில் இல்லை. பாட்டு நின்றது மகள் பிறந்த பிறகு நேரமில்லாததால்தான். இந்த மனிதர் அதைத் தன் குற்றமாக எத்தனை வருடம் சுமந்திருக்கிறார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. யாராக நின்று சொல்வது என்று தெரியாமல் பழத்தைக் கொடுத்தேன்.

அவர் ஒரே நாளில் தெளிந்துவிடவில்லை. முதலில் தூக்கம் வந்தது. பிறகு சங்கு ஊதுகிறது என்று எழுந்து உட்காருவது நின்றது. அங்கே சங்கும் இல்லைதான். அதுவரை ஆஸ்பத்திரி மணியிலேயே அந்தத் தகவலைக் கேட்டுக்கொண்டிருந்தார். லண்டன் ஆட்கள் வருவது தள்ளிப்போனது. ஒருநாள் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னைக்கி நீங்க கொஞ்சம் அவ மாதிரி இருக்கீங்க" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பகல் நேரம், நான் பையை வைக்கும்போது, திரும்பிப் பார்க்காமலே, "சுடுதண்ணி கொண்டாந்தியா?" என்றார்.

நான் போத்தலை எடுத்து வைத்துவிட்டு வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டேன். அங்கிருந்த தாதிப்பெண் என்ன அம்மா அழுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். என் கணவர் என்னை நீ என்று கூப்பிட்டுவிட்டார் என்று சொன்னேன். சிங்களத்தில் அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அவள் கோபமாக வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்குக் கஷ்டம். நடந்ததில் பாதி ஞாபகம் இருந்தது, பாதி இல்லை. இல்லாத பாதியை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்பட்டார். லயத்தில் விடுவார்களா? "துரை வந்துட்டாரு" என்றார்கள். முழங்கால் வலிக்கிற பாட்டியம்மா தன் ரோட்டுப் பக்கத்து வீட்டை விசாரித்தாள். ஐஸ் என்று பேசியவர்களிடம் நான் மாத்திரைப் பெயரையே சொல்லி விளக்கினேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், நம்பினார்களா என்பது வேறு. அவர் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தார். கேலி செய்தால் நொறுங்குவாரோ, செய்யாவிட்டால் இன்னும் உள்ளே போய்விடுவாரோ என்று எனக்கும் குழப்பம்.

ஒருநாள் அவராகவே கேட்டார். "நான் ஒன்னைய என்னாத்தெல்லாம் சொன்னேன்?"

"என்னைய ஒண்ணும் சொல்லலியே. அந்தம்மாகிட்டத்தான் சொன்னீங்க."

"அந்தம்மா என்னா சொல்லிச்சி?"

"நல்ல மனுசன், வாய்தான் இல்லன்னு சொல்லிச்சி."

வாயோரத்தில் சிரிப்பு வந்தது. பிறகு சொன்னார். "அது எல்லாம் பொய்யின்னு இப்பத் தெரியிது. நீ இங்கதான் இருந்திருக்க. ஆனா ஸ்டேஷன்ல நான் பயந்த பயம் பொய் இல்ல புள்ள. அது மட்டும் இன்னும் ஒடம்புல இருக்கு." நான் அவருக்குப் பாட்டு விஷயத்தையும் சொன்னேன். மகள் பிறந்ததால் நின்றது, நீங்கள் காரணமில்லை என்றேன். நம்பவில்லை. புத்தி தெளிந்த பிறகும் சில எண்ணங்களை இவரிடமிருந்து பிடுங்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

ஸ்டோரில் தூசில்லாத இடத்துக்கு, பெட்டி அடைக்கும் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். மூச்சோடு உள்ளே இழுக்கும் மருந்து ஒன்று எப்போதும் பையில் இருக்கிறது. மறுபடி ஒருமுறை இழுப்பு முற்றியபோது அதே வெள்ளை மாத்திரையைக் குறைவாகக் கொடுத்தார்கள். வாங்கவே மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மூச்சுக்கு வேறு வழி இல்லை, அளவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று டாக்டரம்மா சொல்லிச் சொல்லித்தான் சம்மதித்தார். மாத்திரையை நான் வைத்துக்கொண்டேன். அந்த நாட்கள் முழுக்க, நான் அவரைப் பார்த்தால் அவர் என்னைப் பார்ப்பார். ஒன்றும் ஆகவில்லை.

போன மழைக்காலத்தில் மேல் லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கொழும்பில் கடையில் வேலை செய்த அவளுடைய மகன் திரும்பி வந்திருக்கிறான். அவன் எடுப்பது நிஜமாகவே ஐஸ். போன் வழியாக யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். உங்கள் வீட்டுக்காரருக்கு எங்கே மந்திரித்தீர்கள் என்று கேட்க வந்திருந்தாள். நான் டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நானும் போனேன். அந்தப் பையன் மூலையில் குந்தியிருந்தான். போனின் கேமராவுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. இவர் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அது அவருக்குக் கைவந்த கலை.

"நீங்களும் பாக்கத்தான் வந்தீங்களா?" என்று பையன் கேட்டான்.

"இல்ல தம்பி. எனக்கும் முன்ன ஒருக்கா இப்படி ஆச்சி. தூங்கினியா?"

"தூங்கினா உள்ள வந்துருவாங்க."

"ரொம்பப் பயமா இருக்கும்."

"யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"நீ பயந்திருக்கேன்னு நான் நம்புறேன்" என்றார் என் கணவர். "பாக்கிறாங்களா இல்லியான்னு எனக்குத் தெரியாது. தூக்கத்துக்கு ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு. போவமா? நான் பக்கத்துலயே உக்காந்து வாறேன்."

உடனே வரவில்லை. இவர் அந்தப் படியிலேயே மதியச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டார். பையனும் கொஞ்சம் சாப்பிட்டான். மாலை பஸ்ஸில் மூவரும் போனோம்.

இது அத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். இவருக்கு வந்தது மாத்திரையோடு போய்விட்டது. அவனுடையது அப்படி இல்லை. வார்டிலிருந்து வந்து காய்கறி லொறியில் கொஞ்சகாலம் ஒழுங்காக வேலை செய்தான். பிறகு பழைய கூட்டாளிகள் வந்தார்கள். மறுபடி தூக்கம் போனது. ஆனால் இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. போன மாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, பஸ்ஸுக்கு வாறீங்களா?" என்று கேட்டான்.

இவர் ஸ்டோருக்கு ஆள் விட்டு லீவு சொன்னார். பொதியில் நிறைய ரொட்டி வை, ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருக்கும் என்று என்னிடம் சொன்னார். நான் சம்பலையும் கட்டிக் கொடுத்தேன்.